கை வைக்கும் இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் முக்கால்வாசி நான் கண்ணால் பார்க்காதது. என் அக்கா சொன்னது கொஞ்சம், அக்கா வீட்டுக்காரர் சொன்னது கொஞ்சம், அவருடைய தம்பி சொன்னது ரொம்பக் கொஞ்சம். நானே பார்த்தது இரண்டு மூன்று இடங்கள்தான். அந்த இடம் வரும்போது நான் பார்த்தேன் என்று சொல்லிவிடுவேன்.

உங்கள் டோக்கன் என்ன நம்பர்? அப்படியென்றால் நேரம் இருக்கிறது. இந்த டாக்டரம்மா ஒவ்வொருவரையும் நிதானமாகத்தான் பார்ப்பார். நல்ல டாக்டர். பயப்படாதீர்கள்.

எனக்கு ஒன்றும் இல்லை. மாமாவுக்கு மாத்திரை எழுதி வாங்க வந்திருக்கிறேன். இந்தத் தொப்பி வெயிலுக்குப் போட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் போட்டேன், கழற்ற மறந்துவிட்டேன். நீங்கள் உட்காரும்போது தலைத் துண்டை முன்னால் இழுத்துவிட்டீர்கள் பாருங்கள், அதைப் பார்த்ததும் மாமா ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் பேச்சுக் கொடுத்தேன். உங்கள் தலையை நான் பார்க்கவில்லை.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஊர். ரிக் வண்டியில் டிரில்லர். போர்வெல் போடும் லாரி இருக்கிறதே, அதுதான். எங்கள் பக்கத்து வண்டிகள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய் மாதக்கணக்கில் தங்கிப் போர் போடும். பொங்கலுக்கு ஒரு முறை, ஆடிக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவார்கள். மாமாவும் அப்படித்தான். பூமிக்குக் கீழே எத்தனை அடியில் என்ன பாறை இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வார். வீட்டில் யார் என்ன நினைக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. இது அக்கா சொன்னது.

அவருடைய அப்பா பெயர் பொங்கியண்ணன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் உருமாலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தலைப்பாகைத் துண்டை எங்கள் பக்கம் உருமால் என்போம். அவர் தலையில் அது இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதும் கட்டியிருப்பார். கோயிலில் கழற்றச் சொன்னார்கள். "என்ற நெஞ்சச் சாமி பாத்தாப் போதும், மண்டையப் பாக்க வேண்டாம்" என்று வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாராம். முடி வெட்ட உள்ளூர் சலூனுக்குப் போகமாட்டார். மாதம் ஒரு முறை பஸ் ஏறி ஈரோட்டுக்குப் போவார். உள்ளூர் சலூன்காரர் சுப்பராயனுக்கு அதில் தீராத கோபம். "எங்க கத்திரி வெட்டுனா அவரு தலையில நெல்லு மொளச்சிருமாக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பொங்கியண்ணன் தன் சொந்த அப்பா செத்தபோது மொட்டை போட மறுத்துவிட்டவர். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அவருடைய தங்கை பாவாயி அதற்காகவே அவரோடு ஆறேழு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார். பெற்ற அப்பனுக்கு மயிரைக் கொடுக்காத மனுஷன் என்று ஊரே பேசியது. அவர் உருமாலை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். திமிர் பிடித்தவர் என்பதுதான் ஊரின் முடிவு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் மகன் மேல் பிரியம். மாமா ரிக்குக்குக் கிளம்பும்போதெல்லாம் குனியச் சொல்லி உச்சந்தலையில் கை வைத்து அனுப்புவார். பேச்சு ஒன்றும் இருக்காது. கை மட்டும்தான். போன வருஷத்துக்கு முந்தின பொங்கல் முடிந்து கிளம்பும்போது அந்தக் கையை எடுக்கவே இல்லையாம். மாமாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "போதுமுப்பா, விடுங்க" என்று தலையை உருவிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

அப்புறம் மாசி மாதம். ஒரு நாள் மத்தியானம் பொங்கியண்ணன் மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார். அவராகப் போன் போடுகிற ஆள் இல்லை. அந்த நேரத்தில் அங்கே போர்க் குழிக்குள் ஹேமர் மாட்டிக்கொண்டது. ஹேமர் என்பது பாறையை உடைக்கிற சாமான். அது உள்ளே மாட்டினால் வண்டி முதலாளிக்கு நெஞ்சுவலி வந்துவிடும். கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே மாமா போனை எடுத்து, "சொல்லுங்கப்பா" என்றிருக்கிறார்.

"நல்லாருக்கியா சாமி? ஒரு விசயம்..."

"ஹேமர் மாட்டிக்கிச்சுப்பா. அப்புறம் கூப்புடறேன்."

வைத்துவிட்டார். ஹேமரை எடுக்க மறுநாள் ராத்திரி ஆனது. அதற்கு மறுநாள் காலையில் தம்பி சென்னியப்பன் கூப்பிட்டு, அப்பா போய்விட்டார் என்றார். மாரடைப்பு. மாமா இரண்டு ரயில் மாறி ஊருக்கு வந்து சேரும்போது சுடுகாட்டில் சாம்பலைக்கூட அள்ளியாகிவிட்டது. கொள்ளி வைத்தது சென்னியப்பன். மாமா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கருமாதிக்கு நான் போயிருந்தேன். இது நான் பார்த்தது. மூத்த மகன் மொட்டை போட உட்கார்ந்தார். சுப்பராயன்தான் வந்து தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். முன்பக்கம் வழித்தார், பக்கவாட்டில் வழித்தார். உச்சிக்கு வந்ததும் கத்தி நின்றுவிட்டது.

"ஏனுங்க, இங்க என்ன இப்புடி இருக்குது?"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உச்சந்தலையில் பழைய ரூபாய்க் காசு அளவுக்கு ஓர் இடம் பளபளவென்று இருந்தது. அதில் முடி முளைத்ததற்கான புள்ளிகூட இல்லை. அதைச் சுற்றி வரிசையாகச் சீழ்க்கட்டிகள். ஓரத்தில் ஒரே துளையிலிருந்து ஏழெட்டு முடி, விளக்குமாற்றுக் குச்சி மாதிரி, கொத்தாக. மாமாவுக்கே அது தெரியாது. ரிக்கில் ஹெல்மெட் போட்டு வேர்த்து அரிக்கிறது, பொடுகு, அந்த ஊர் உப்புத் தண்ணீர் என்றெல்லாம் நினைத்திருக்கிறார்.

அத்தை பாவாயிதான் முதலில் வாயைத் திறந்தார். "அய்யோ சாமி, இது கை வைக்கற எடமாச்சே! பெத்தவன் கை வெச்சு ஆசீர்வாதம் பண்ற எடமாச்சே! கடேசியாக் கூப்புட்டானாமே, பேசாம வெச்சுட்டயாமே. என்ற அண்ணன் மனசு ஆறலடா கண்ணு. கையத் திருப்பி எடுத்துக்கிட்டான்."

அவ்வளவுதான். யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அதனால் யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைப்பார்கள். அன்றும் இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் படித்தது பி.காம்.

மொட்டை போட்டு முடிந்ததும் மகன்களுக்கு உருமால் கட்டுவது முறை. அதை மச்சினன் கட்ட வேண்டும். மாமாவுக்கு மச்சினன் நான் ஒருவன்தான். புதுத் துண்டை எடுத்து நான்தான் அந்தத் தலையில் கட்டினேன். கட்டும்போது என் விரல் அந்த இடத்தில் பட்டது. ஈரமாக இருந்தது. அப்புறம் தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினேன். கொஞ்சம் அதிகமாகவே கழுவினேன். இது ஒட்டுகிற வியாதி இல்லை. அப்போது எனக்கு அது தெரியாது. இப்போது தெரியும். டாக்டரம்மாவிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

மாமா ரிக்குக்குத் திரும்பிப் போகவில்லை. தலையில் முடி முளைத்தால் போகிறேன் என்றார். சுற்றிலும் முளைத்தது. அந்த இடத்தில் மட்டும் முளைக்கவில்லை. ஒருவர் புழுவெட்டு என்றார். சின்ன வெங்காயத்தை அறுத்துத் தேய்க்கச் சொன்னார். புழுவெட்டில் முடி தானாகவே திரும்பி வருவதுண்டு. நல்ல பெயர் வெங்காயத்துக்குப் போய்விடும். மாமாவுக்கு இருந்தது புழுவெட்டு இல்லையே. புண்ணில் வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருப்பார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வெங்காயத்தை உரிப்பாள். அவள் கண்ணிலும் தண்ணீர். அந்த மாதத்தில் அந்த வீட்டில் யார் எதற்காக அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பாள் அக்கா.

அப்புறம் மாமாவே ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு மொட்டை பத்தவில்லை. அப்பா முகம் பார்க்காதவனுக்கு ஒரு மொட்டை எப்படிப் போதும்? அமாவாசைக்கு அமாவாசை மொட்டை. முடி ஒரே சீராக முளைக்கும் வரைக்கும். சுப்பராயன் சவரக் கத்தியை வைத்து வழித்துவிடுவார். புண் கிழியும். இரண்டு நாளில் இன்னும் நாலு கட்டி வரும். வட்டம் பெரிதாகும். வட்டம் பெரிதானால் அப்பாவுக்குக் கோபம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்த அமாவாசைக்கு இன்னும் ஒட்ட வழிக்கச் சொல்வார்.

தினமும் காலையில் எழுந்ததும் அக்காவைக் கூப்பிட்டு முன்னால் குனிந்து உட்கார்ந்துகொள்வாராம்.

"வசந்தாமணி, அப்பா எப்புடி இருக்காரு?"

அக்கா பார்த்துவிட்டு, "இன்னைக்குப் பரவால்லீங்க" என்பாள்.

"நேத்தைக்கு?"

"நேத்தைக்குக் கொஞ்சம் வெசையாத்தான் இருந்தாரு."

பொய் சொன்னாளா என்று அக்காவிடம் கேட்டேன். "தினமும் கோவமா இருக்காருன்னு எப்புடித் தம்பி சொல்றது? வாரத்துல ரெண்டு நாளாவது சிரிக்க வேண்டாமா அந்த மனுசன்?" என்றாள். எந்த மனுஷன் என்று நான் கேட்கவில்லை.

அப்பா அன்றைக்குப் போனில் என்ன சொல்ல வந்தார் என்பதுதான் மாமாவின் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு விசயம் என்றாரே, என்ன விஷயம்? அதைச் செய்துவிட்டால் கோபம் ஆறிவிடும். என்னவாக இருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தார். கிணற்று மேட்டில் சரிந்த கல்லை எடுத்துக் கட்டினார். தலை ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் பழைய சைக்கிளுக்கு இரண்டு டயரும் மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. பங்காளியோடு நின்றுபோன பேச்சை எடுத்துப் பேசினார். பங்காளிதான் சந்தோஷப்பட்டார்.

அப்போது சென்னியப்பன், "அப்பாவுக்கு அந்தக் கெழக்கால வரப்பு வேப்ப மரமெல்லாம் என்ற பக்கம் இருக்கோணும்னு ஒரு நெனப்பு இருந்துச்சுண்ணா" என்றிருக்கிறார். "எனக்கொண்ணும் வேண்டாம். அவருக்கு இருந்துச்சுன்னு சொல்றேன்."

மாமா மரங்களைக் கொடுத்துவிட்டார். பாருங்கள், அந்த வாரம் கட்டிகள் அமுங்கிவிட்டன! நிஜமாகவே அமுங்கின. அக்கா பொய் சொல்லவில்லை. இந்த வியாதியே அப்படித்தான், கொஞ்ச நாள் அடங்கும், கொஞ்ச நாள் பொங்கும். மாமாவுக்கு அது தெரியுமா? வீட்டில் பாயசம் வைத்தார்கள். பத்து நாள் கழித்து மறுபடி பொங்கியது. சென்னியப்பன் யோசித்துப் பார்த்து, அப்பாவுக்கு மோட்டார் ரூமைப் பற்றியும் ஒரு நினைப்பு இருந்தது என்றார். மோட்டார் ரூமும் போயிற்று.

சென்னியப்பனைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் கேட்டார், அவர் சொன்னார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அக்கா எனக்குப் போன் போட்டு மெதுவான குரலில், "தம்பி, அடுத்தாப்பல கெணத்தையும் குடுத்துருவாரு போலிருக்குது. நீ படிச்சவன்தான, ஏதாவது பண்ணேன்" என்றாள். நான் மாமா தலையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு கைபேசியில் தேடினேன். தேடத் தேட எனக்கே தலை அரிக்க ஆரம்பித்தது. ஒன்று மட்டும் புரிந்தது: இது வெங்காயம் கேட்கிற சமாசாரம் இல்லை. மாமாவை அழைத்துக்கொண்டு இங்கே வந்தேன். இதே பெஞ்சுதான்.

மாமா உள்ளே போய் டாக்டரம்மாவிடம் முதலில் சொன்னது, "அப்பா கோவமுங்க" என்பதுதான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தார். கையால் அழுத்திப் பார்த்தார். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அடுத்த வாரம் ரிப்போர்ட்டோடு போனோம். அவர் சொன்னதை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடி முளைக்கிற குழி வீங்கிப் பழுத்து, ஆறும்போது தழும்பாக மூடிக்கொள்கிறது. மூடிய குழியில் மறுபடி முடி வராது. ஆனால் பரவாமல் நிறுத்தலாம். மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். சவரக் கத்தி தலையில் படவே கூடாது.

"தூந்து போன போருங்க" என்றார் மாமா.

"என்ன?"

"போர் போட்டு உள்ளாற மண்ணு சரிஞ்சு மூடிக்கிச்சுன்னா தூந்து போச்சும்போம். அதுல மறுக்காத் தண்ணி வராது. பக்கத்துல இருக்கற போரக் காப்பாத்திக்கலாம்."

"கரெக்ட். அதேதான்" என்றார் டாக்டரம்மா. "எத்தனை நாளா அரிப்பு இருக்கு?"

"ரெண்டு வருசம் இருக்குமுங்க."

"இந்தத் தழும்பைப் பார்த்தாலும் அவ்வளவு பழசாத்தான் தெரியுது."

மாமா கணக்குப் போட்டார் போலிருக்கிறது. அப்பா செத்து அப்போது பத்து மாதம்தான். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா? பொதுவா இது பரம்பரையா வர்றதில்ல. அபூர்வமா ஒரு சில வீட்டுல பார்த்திருக்காங்க. உங்க அப்பாவுக்கு இருந்துச்சா?"

"தெரியாதுங்க. அப்பா தலைய நான் பாத்ததில்லீங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யாரோட அப்பா?"

"என்ற அப்பாதானுங்க."

இது நான் பக்கத்தில் நின்று கேட்டது.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சாபமும் இல்லை, ஒன்றும் இல்லை, வியாதிதான் என்று டாக்டரே சொல்லியாகிவிட்டது. பஸ் சங்ககிரியைத் தாண்டியது. அப்புறம், "அப்போ அவரு கோவமா இல்லியா மாப்ளே?" என்றார்.

"இல்லை மாமா. அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"ம்."

மாத்திரைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கோவமா இருக்காருன்னா என்ற நெனப்பு இருக்குதுன்னு அர்த்தம். தெனமும் காலையில ஒரு சேதி வந்துட்டிருந்துச்சு. இனி அதுவுமில்ல."

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், போட்டதும் படுக்கக் கூடாது என்று சொன்னேன். அது எனக்குத் தெரிந்த விஷயம்.

அப்புறம் மாசியில் வருஷத் திதி வந்தது. அதற்கும் நான் போயிருந்தேன். மாத்திரையில் கட்டிகள் அடங்கியிருந்தன. சுற்றிலும் முடி ஓர் அங்குலம் வளர்ந்திருந்தது. நடுவில் அந்த இடம் மட்டும் கழுவிய தட்டு மாதிரி. சுப்பராயன் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்து நின்றார். மாமா வேண்டாம் என்றார்.

"அப்பனுக்குப் பொறந்த புத்தி போகுமா?" என்றார் சுப்பராயன். "அவரும் இப்புடித்தான வேண்டாம்னாரு."

பாவாயி அத்தை குரலை உயர்த்தினார். "வருசத்துக்கு மொட்ட போடாம விடுவயா? அப்பன் கோவம் போதாதா உனக்கு?"

மாமா பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டார்.

"சென்னியப்பா, அப்பனக் குளிப்பாட்டுனது யாரு?"

"நாந்தாண்ணா."

"உருமால அவுத்தியா?"

"அவுக்காம எப்புடிண்ணா தலைக்கு ஊத்தறது? வந்தவங்க எல்லாரும் நெத்தியில எண்ணெ அரப்புத் தொட்டு வெச்சாங்க. தலைக்குத் தேச்சது நான் மட்டுந்தான். உருமால் இல்லாம அப்பனப் பாக்க என்னமோ மாதிரி இருந்துச்சு. ஒடனே புது வேட்டியக் கிழிச்சுக் கட்டி உட்டுட்டேன்."

"தலையில என்னடா இருந்துச்சு?"

சென்னியப்பன் இலைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அந்தத் திசையில் மோட்டார் ரூம் இருக்கிறது. அதைத்தான் பார்த்தார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் திசையில் ஒரு தென்னை மரமும் இருக்கிறது.

"ஒரு தழும்பு இருந்துச்சு. கெணறு வெட்டறப்போ கல்லுகில்லு பட்டிருக்கும்னு நெனச்சேன்."

"எங்க?"

சென்னியப்பன் வாயால் சொல்லிப் பார்த்தார். உச்சியில், கொஞ்சம் பின்னால், இல்லை, அவ்வளவு பின்னால் இல்லை. சொல்ல வரவில்லை. இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அண்ணன் தலையில் அந்த வழவழப்பான இடத்தில் கையை வைத்தார்.

"இங்க. இதே மாதிரி. கொஞ்சம் பெருசு."

அவர் கையை எடுக்கப் போனார்.

"எடுக்காத" என்றார் மாமா. "கொஞ்ச நேரம் வெச்சிரு."

சென்னியப்பன் வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முதல் பந்திக்கு உட்கார்ந்தவர்கள் பாதிப் பேருக்கு இலை வராமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுப்பராயன் கிண்ணத்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டார். பாவாயி அத்தை சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். அவர் அழவில்லை, அண்ணனைத் திட்டினார். "அட பாவி அண்ணா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? மண்டையில ஒரு புண்ணுக்கா என்னைய அத்தன வருசம் பேசாம இருக்க உட்ட? அரப்ப நானே அரச்சு நோகாமத் தேச்சு உட்டிருப்பனே."

மறுநாள் மாமாவிடம் மரங்களையும் மோட்டார் ரூமையும் திரும்பக் கேட்கலாமே என்றேன். "அப்பா பேரச் சொல்லிக் குடுத்தது. இருக்கட்டும் மாப்ளே" என்றார். இப்போது ரிக்குக்குப் போய்விட்டார். ஹெல்மெட்டுக்குள் சுத்தமான துணி வைத்துக்கொள்கிறார். உருமால் கட்டுவதில்லை. போன மாதம் வந்தபோது கோயிலுக்கு வெறுந்தலையோடு போய் வந்தார். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றார்.

நான் ஏன் இதையெல்லாம் சொல்கிறேன் என்றால், துண்டைக் கட்டி மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சீக்கிரம் காட்டினால் மிச்சக் குழிகளையாவது காப்பாற்றலாம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நான் தொப்பியைக் கழற்றினால் என்ன என்கிறீர்களா? கழற்றலாம். எனக்கு ஒன்றும் இல்லை. மாமாவுக்கும் எனக்கும் ரத்த சம்பந்தம்கூடக் கிடையாது. தினமும் கைபேசியில் போட்டோ எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஓர் இடத்தில் ஒரு துளையிலிருந்து இரண்டு முடி வருகிறது. எல்லாருக்கும் ஒரு துளையில் இரண்டு மூன்று வருவது சகஜம்தான் என்று டாக்டரம்மா போன முறையே சொன்னார். அது மூன்றாகியிருக்கிறதா என்று மட்டும் இன்றைக்குக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று வந்தேன். மாமாவின் மாத்திரையையும் வாங்க வேண்டும்.

உங்கள் நம்பரைத்தான் கூப்பிடுகிறார்கள். போங்கள். ஒரு நிமிஷம், இதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்.

மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாததால் இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. போன வாரம் வேறு வேலையாக ஈரோட்டுக்குப் போனேன். வேறு வேலை ஒன்றும் இல்லை, இதற்காகத்தான் போனேன். பொங்கியண்ணன் முடி வெட்டிக்கொண்ட சலூனைத் தேடிப் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. அந்தச் சலூன்காரருக்கு அவரை நன்றாக ஞாபகம் இருந்தது. கூட்டம் போன பிறகுதான் நாற்காலியில் உட்காருவாராம், கதவைச் சாத்தச் சொல்வாராம். அவருடைய கடைசிப் பொங்கலுக்கு முன்னால் வெட்டிக்கொண்டு போனவர், பொங்கல் முடிந்ததும் மறுபடி வந்திருக்கிறார். முடி வெட்ட இல்லை. உருமாலை அவிழ்த்துத் தன் தலையைக் காட்டி, "உனக்கு நாலு எடத்துல பழக்கம். இதுக்கு இப்ப ஏதாச்சும் வைத்தியம் வந்திருக்குதா?" என்று கேட்டிருக்கிறார். "இந்த வயசுல எதுக்குங்க?" என்று சலூன்காரர் கேட்டதற்கு, "எனக்கில்ல. நேத்துப் பையன் தலையில கை வெச்சேன். அங்கயும் வழுக்குச்சு" என்றாராம். தோல் டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார் சலூன்காரர். "வெளியூருல இருக்கறான், போன்லதான் சொல்லோணும், எப்புடிச் சொல்றதுன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு உருமாலைக் கட்டிக்கொண்டு போனாராம்.

மாசியில் அதைச் சொல்லத்தான் கூப்பிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவர் வந்தது எந்த நாள் என்று மட்டும் சலூன்காரரிடம் கேட்டேன். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கரிநாள் இல்லையா, அதற்கு மூன்றாம் நாள், அன்றைக்குத்தான் விடுமுறை முடிந்து கடையைத் திறந்தேன் என்றார். வீட்டுக்கு வந்து அக்காவிடம், எதற்கு என்று சொல்லாமல், மாமா அந்தப் பொங்கலுக்கு எந்த நாள் கிளம்பினார் என்று கேட்டேன். கரிநாளுக்கு இரண்டாம் நாள் என்றாள். பெரியவர் கையை எடுக்காமல் வைத்திருந்த அந்த நாள்.